காலேஜை விட்டு நின்றால் கட்டிய பணமும் கல்விக் கடனும் என்ன ஆகும்?

ஆகஸ்டில் சேர்ந்த பிள்ளை செப்டம்பரில் "எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவரல" என்று வீட்டில் உட்கார்ந்துவிடும். மனசு மாறும் என்று பெற்றோர் தீபாவளி வரை காத்திருப்பார்கள். திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் பல குடும்பங்கள் பணத்தை விடுவது இந்த இடைவெளியில்தான். வகுப்புக்குப் போகாததை யாரும் விலகலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விலகல் கடிதம் காலேஜ் கைக்குக் கிடைத்த தேதிதான் கணக்கு.

கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதி இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாள் செப்டம்பர் 15, கட்டணம் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 31க்குள் கடிதம் கொடுத்தால் 5 சதவீதம்வரை பிடிக்கலாம். ஆனால் உச்சவரம்பு 5,000 ரூபாய். ஆக 1,15,000 திரும்ப வரும். அதன்பிறகு, கடைசி நாளுக்கு முன்பு என்றால் 90 சதவீதம், 1,08,000. செப்டம்பர் 30 வரை 80 சதவீதம், 96,000. அக்டோபர் 15 வரை பாதி, 60,000. அக்டோபர் 16 அன்று போனால் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் (திருப்பித் தர வேண்டிய முன்வைப்புத் தொகை) மட்டும் எந்தத் தேதியில் விலகினாலும் முழுசாக உங்களுடையது. சில ஆண்டுகளில் யுஜிசி தனியாகச் சலுகைத் தேதி அறிவிப்பதும் உண்டு. 2024-25இல் செப்டம்பர் 30 வரை முழுத் தொகையும் தரச் சொன்னது. அந்தந்த ஆண்டு அறிவிப்பை முதலில் பாருங்கள்.

இன்ஜினியரிங் என்றால் ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. வகுப்பு தொடங்குமுன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. தொடங்கியபின் விலகி, அந்த சீட்டில் கடைசித் தேதிக்குள் வேறொருவர் சேர்ந்துவிட்டால் மாதக் கணக்கில் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். சீட் காலியாகவே கிடந்தால் டெபாசிட்டும் சான்றிதழ்களும்தான் கைக்கு வரும். "மீதி மூணு வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் டிசி" என்று மிரட்டுவது விதிக்கு நேர் எதிரானது. பயந்துபோய்க் கட்டிவிடாதீர்கள்.

கடிதத்தை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். முதல்வர் பெயருக்கு எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கட்டணத்தை வங்கி நேரடியாகக் கட்டியிருந்தால் கடன் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் கடிதத்திலேயே எழுதி, பணத்தை அதில் போடச் சொல்லுங்கள். அப்பா பெயரில் செக் வந்து, அது கூரை மாற்றவோ அக்கா சீமந்தத்துக்கோ போய்விட்டால் கடன் அப்படியே நிற்கும், வட்டியும் ஏறும்.

வங்கிக்கும் தனிக் கடிதம் வேண்டும். காலேஜ் சொல்லிவிடும் என்று நம்ப வேண்டாம். 4 லட்சம் சாங்ஷன் ஆகியிருந்தாலும் இதுவரை வங்கி விடுவித்த தொகைக்கும் அதன் வட்டிக்கும்தான் நீங்கள் பொறுப்பு. அடுத்த ஆண்டுத் தொகையை விடுவிக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை என்பது படிப்பை முடிப்பவர்களுக்கான ஏற்பாடு. பாதியில் நின்றால், மாணவரோடும் பெற்றோரோடும் பேசி வங்கி புதுத் தவணை வகுக்க வேண்டும் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் சொல்கிறது. அதைச் சொல்லி, மாதம் எவ்வளவு முடியும் என்று நீங்களே ஒரு தொகையோடு மேனேஜரிடம் போங்கள். வேறு காலேஜில் சேரப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் வட்டி மானியம் பாதியில் நின்றவர்களுக்குக் கிடையாது. உடல்நலக் காரணம் மட்டும் விலக்கு. அதற்கான மருத்துவ ஆவணங்களைக் கல்லூரித் தலைவர் ஏற்க வேண்டும். டைபாய்டோ விபத்தோ, டிஸ்சார்ஜ் சம்மரியை விலகல் கடிதத்தோடு அன்றைக்கே இணையுங்கள்.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கூட்டுக் கடனாளி அம்மாவோ அப்பாவோதானே. கடன் கேட்டால் வங்கி பார்க்கும் அவர்களுடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். பிறகு ஆட்டோ லோனுக்குப் போனாலும் தம்பி படிப்புக்குக் கேட்டாலும் கை விரிப்பார்கள்.

கடிதம் கொடுத்த 15 நாளில் காலேஜ் பணம் தராவிட்டால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்; விவரம் கேட்க 14448. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100இல் இலவச சட்ட உதவி கேட்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த முத்திரை போட்ட நகலைத்தான்.