மறதி என்று வருபவரிடம் இரவைப் பற்றி ஏன் கேட்கிறேன்?

அறுபதைக் கடந்த ஒருவரை அவர் மகன் அழைத்து வந்தார். "அப்பாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது டாக்டர். மருந்துக் கடையில் காசைக் கொடுத்துவிட்டு மருந்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்" என்றார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். "படுத்தவுடன் தூங்கிவிடுவேன், அதில் ஒரு குறையும் இல்லை" என்று பெரியவர் முந்திக்கொண்டார். அவர் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. அவரிடம் திரும்பி, "குறட்டை உண்டா அம்மா?" என்றேன்.

"குறட்டை பழகிவிட்டது டாக்டர். அது திடீரென்று நிற்கும்போதுதான் திக்கென்று இருக்கும். மூக்கருகே கையை வைத்துப் பார்ப்பேன்."

எனக்கு வேண்டியது அந்தப் பதிலில் இருந்தது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. 10 விநாடி, சிலருக்கு அரை நிமிடத்துக்கும் மேல் மூச்சு இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி உடலை உலுக்குகிறது, மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் தீவிர மூச்சுத் தடை. பரிசோதனையில் அவருக்கு அந்த எண்ணிக்கையும் தாண்டியிருந்தது.

இதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவில் மறதி நோய் இல்லாத 298 வயதான பெண்களின் தூக்கத்தைப் பதிவு செய்து, சுமார் 5 ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு நினைவாற்றல் சரிவோ மறதி நோயோ வந்திருந்தது. மற்றவர்களில் அது 31 சதவீதம்.

தூக்க நேரம் குறைவதைப் பற்றிய பெரிய ஆய்வு லண்டன் வைட்ஹால் அரசு ஊழியர்களிடம் நடந்தது. ஏறத்தாழ 8,000 பேர், 25 ஆண்டுகள். 50, 60, 70 ஆகிய மூன்று வயதிலும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் வரும் ஆபத்து 30 சதவீதம் அதிகம் என்று 2021இல் எழுதினார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு வந்து கலங்கி நிற்பவர்களைப் பார்க்கிறேன். 100 பேரில் 30 பேருக்கு வரும் என்பது அதன் பொருள் அல்ல. அந்த 8,000 பேரில் மறதி நோய் வந்தவர்கள் மொத்தமே 521 பேர். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் இதை நினைத்து இன்னும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணத்தைத் தேடும் ஆய்வுகளும் நடக்கின்றன. மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் நோயில் மூளையில் படிவது அமிலாய்டு என்ற புரதம். 2018இல் 20 பேரை ஒரே ஓர் இரவு விழித்திருக்கச் செய்து ஸ்கேன் எடுத்தபோது, நினைவுக்குரிய பகுதியில் அது சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. தூங்கும்போது மூளை தன் கழிவைக் கழுவுகிறது என்று எலிகளில் 2013இல் காட்டினார்கள். 2024இல் இன்னொரு குழு எலிகளிலேயே அதை மறுத்தது. நோய் தொடங்கும்போதே தூக்கம் கலைகிறது என்பதும் உண்மை. எது முன், எது பின் என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் மூச்சுத் தடைக்குச் சிகிச்சை தர அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மூச்சுத் தடை கேடு.

எனக்கு உண்மையான கவலை தூக்க மாத்திரைதான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அல்பிரசோலமோ, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையோ வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். வயதானவர்களுக்கு இவை குழப்பத்தைத் தரும், கீழே விழ வைக்கும். மறதி நோயைப் போலவே தோற்றம் காட்டும். சில மாத்திரைகள் மூச்சுத் தடையையும் மோசமாக்கும். பல நாளாக அல்பிரசோலம் போடுபவர் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில்தான் குறைக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் இரவில், மூச்சுப் பாதை அடைபடாமல் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் காற்றழுத்தக் கருவி போட முதல் இரண்டு வாரம் சண்டை பிடித்தார். முகமூடியை மாற்றிக் கொடுத்த பிறகு பழகிக்கொண்டார். மூன்று மாதத்தில் பகல் தூக்கம் போய்விட்டது, கடைக்கணக்கு தப்புவதில்லை என்று மகன் சொன்னார். இனி மறதி நோய் வராது என்று நான் உறுதி கொடுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன்.

மறதி என்று யாரையாவது அழைத்து வருவதானால், பக்கத்தில் படுப்பவரையும் கூட்டி வாருங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அவர் தூங்கும்போது கைபேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். விளக்குப் போட்டு அவரை எழுப்ப வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.