பெருக்கி: எதைப் பெருக்குகிறது?

தருமபுரிப் பக்கம் 'பெருக்கு' என்றதும் ஒகேனக்கல்தான் ஞாபகம் வரும். ஆடி பதினெட்டுக்குக் காவிரியில் முழுகப் போகிறவர்களுக்கு அது ஆற்றுநீர் பெருகுவது. வீட்டுக்குள் அதே சொல் துடைப்பத்தோடு போகும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டோடு. ஆம்ப்ளிஃபையருக்கு நம் பாடநூல்கள் தரும் 'பெருக்கி' என்ற பெயரை ஆற்றுப் பெருக்கோடு சேர்த்துப் பார்ப்பதே சரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். 'ஆம்ப்ளஸ்' என்றால் பெரிய, அகன்ற. அதோடு 'செய்தல்' என்ற பொருள் தரும் வினை சேர்ந்தது. முதலில் அது ஒரு விஷயத்தை விரித்துப் பேசும் ஆளைக் குறித்தது. 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 'ஆடியான்' என்ற கண்ணாடி மின்குழலை உருவாக்கி, அதிலிருந்து மூன்று முனை வால்வு வளர்ந்த பிறகுதான் மின்கருவியின் பெயராக நிலைத்தது. இலங்கைத் தமிழில் இதை 'விரியலாக்கி' என்கிறார்கள். அந்தப் பழைய பொருளுக்கு அது நெருக்கமாக இருக்கிறது. இங்கே 'மிகைப்பி' என்றும் சிலர் எழுதுவதுண்டு. மிகை என்றால் அளவுக்கு மீறியது என்ற வாடை வருவதால் எனக்கு அது ஒட்டவில்லை.

சரி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது? உள்ளே வந்த சின்ன அலையே ஊதிப் பெரிதாகி வெளியே போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெளியே போகும் திறன் அநேகமாக முழுவதும் பவர் சப்ளையிலிருந்து வருகிறது. கிருஷ்ணகிரி அணையில் ஷட்டரை ஏற்றி இறக்க மோட்டாருக்குத் தேவையான சக்தி கொஞ்சம்தான். பாய்ந்து போவது அணையில் தேங்கிய தென்பெண்ணை நீர். உள்ளே வரும் சின்ன அலை போய்ச் சேரும் முனைக்கு வால்வில் கிரிட் என்று பெயர், டிரான்சிஸ்டரில் கேட். இவை செய்வது அந்த ஷட்டர் வேலை. ஆற்றுப் பெருக்கோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னது இதனால்தான். பிரிட்டனில் இந்தக் குழலுக்கு 'வால்வு' என்றே பெயர் வைத்ததும் பொருத்தம்தான்.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும். ரேடியோ ஒலிபரப்பியில் இருக்கும் பெருக்கியை எடுத்துக்கொள்வோம். 50 வோல்ட்டில் ஓடும் டிரான்சிஸ்டர் பெருக்கி ஒன்று 1000 வாட் வானலை (ரேடியோ அலை) தர வேண்டும், செயல்திறன் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சப்ளையிலிருந்து சுமார் 1670 வாட் இழுக்கும். அதாவது ஏறத்தாழ 33 ஆம்பியர். மீதி 670 வாட் வெறும் சூடு. பெட்டியில் பாதி இடத்தை அலுமினியத் தகடுகளும் விசிறியும் அடைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். வால்வு வகையில் மின்னோட்டம் குறைவு, ஆனால் 3000 வோல்ட் வரை போகும். சுவிட்சை அணைத்த பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் உயிரெடுக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதை வடிப்பதற்கென்றே பக்கத்தில் ஒரு மின்தடை வைத்திருப்பார்கள், ஆனாலும் அதை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது.

வெளிவாசலில் இரண்டு வேலை. வால்வின் வெளிவாய் முனையான ஆனோடு பக்கத்து மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, ஆயிரக்கணக்கான ஓம், ஆன்டெனா கேபிளுடையது 50 ஓம். இரண்டையும் ஒரு சுருளும் இரண்டு மின்தேக்கிகளும் சேர்ந்து இணக்குகின்றன. அடுத்து, மூல அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கில் பிறக்கும் வேண்டாத அலைகளை ஒரு வடிகட்டிச் சுற்று தடுத்து நிறுத்துகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவரின் அலை 14-இலும் 21-இலும் தலைகாட்டினால் அங்கே பேசுகிறவர்கள் திட்டுவார்கள்.

இந்த மடங்கு விவகாரம்தான் சொல்லிலும் சிக்கலைக் கொண்டுவருகிறது. அதிர்வெண்ணையே இரட்டிப்பாக்கும், மும்மடங்காக்கும் சுற்று தனியாக ஒன்று உண்டு. 'அதிர்வெண் பெருக்கி' என்றால் நியாயமாக அதுதான், வாய்ப்பாட்டுப் பெருக்கல். ஆகவே 'ரேடியோ அதிர்வெண் பெருக்கி' என்று சொல்லுக்குச் சொல் எழுதினால், படிப்பவர் அதிர்வெண் மாறுவதாக நினைத்துக்கொள்ள வழி இருக்கிறது. உயர்திறன் கருவிக்கு 'வானலைத் திறன் பெருக்கி' என்பதே என் தேர்வு. கூடுவது திறன், அதிர்வெண் அப்படியே இருக்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

'ஒலிபெருக்கி' வேறு. மைக்செட் கடையில் கூம்புக் குழாய்க்கும் அந்தப் பேர், மொத்த செட்டுக்கும் அந்தப் பேர். மின் அலையைப் பெருக்குவது என்னவோ கடைக்காரர் 'ஆம்ப்' என்று சொல்லும் பெட்டிதான்.

பொழுதுபோக்காக உரிமம் பெற்று வானலையில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வானலைத் திறன் பெருக்கியையே 'லீனியர்' என்பார்கள். உள்ளே வந்த அலையின் ஏற்ற இறக்கம் வெளியிலும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். தமிழில் 'நேரியல் பெருக்கி'. ஒற்றைப் பக்கப் பட்டையில் (எஸ்.எஸ்.பி.) பேசுகிறவருக்கு இது கட்டாயம், ஏனென்றால் அதில் பேச்சு அலையின் உயரத்திலும் இருக்கிறது. தருமபுரி வானொலி 102.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புவது பண்பலை (எஃப்.எம்.). அதில் அலையின் உயரம் மாறுவதில்லை, செய்தி இருப்பது அதிர்வெண்ணின் அசைவில். எனவே பண்பலை ஒலிபரப்பிகளில் நேரியலாக இல்லாத, ஆனால் செயல்திறன் கூடிய 'சி' வகைச் சுற்றே (ஒவ்வொரு அலையிலும் ஒரு சிறு பகுதி நேரம் மட்டும் மின்னோட்டம் கடத்துவது) போதும். நேரியல் பெருக்கிக்குள் அளவு மீறி அலையைத் திணித்தால் உச்சிகள் வெட்டுப்பட்டு, பக்கத்து அதிர்வெண்களுக்கும் இரைச்சல் சிதறும். அந்த நேரத்துக்கு வேண்டுமானால் 'மிகைப்பி' என்ற பெயர் பொருந்தும்.