லினக்ஸ் எழும்போது யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் லேப் என்றால் லினக்ஸ்தான். கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தொகுத்துக் கொடுக்கிறது. ஐப்பசி மழையில் இடி இடித்துக் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது அந்த லேப்களில் ஒரு சிக்கல் வரலாம். பிள்ளைகளின் கம்ப்யூட்டர்கள் முந்திக்கொண்டு எழுந்துவிடும். அவர்களுடைய கோப்புகளை வைத்திருக்கும் சர்வரோ, டிஸ்க்கைச் சரிபார்த்துவிட்டு மெதுவாக எழும். அதற்குள் லாகின் செய்த பிள்ளைக்குத் தன் ஃபோல்டர் காலியாகத் தெரியும். அதிலேயே புது வேலையைச் செய்து சேமித்தும் விடும். பிறகு சர்வரின் ஃபோல்டர் அதே இடத்தில் வந்து பொருந்தினால், சேமித்தது அடியில் மறைந்துபோகும்.

இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். "தொடக்கத்துல ஒரு நிமிஷம் சும்மா நிக்கச் சொல்லுங்க மாஷே, சரியாப் போகும்" என்பது ஒன்று. "நாளைக்கு டிஸ்க் சரிபார்க்க மூணு நிமிஷம் ஆச்சுன்னா என்ன டீச்சர் பண்றது?" என்று கேட்பது இன்னொன்று. நேரத்தை எண்ணிக் காத்திருப்பதா, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதா? லினக்ஸ் உலகம் வருடக்கணக்கில் வாதாடிய விஷயத்தின் மையத்திலும் இந்தக் கேள்வி இருந்தது.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்துக்கு வந்து, வன்பொருளை அடையாளம் கண்டு, கடைசியாக ஒரே ஒரு நிரலைத் தொடங்கிவைக்கும். அதற்கு எண் 1. நெட்வொர்க், பிரிண்டர், லாகின் திரை என்று மற்ற சர்வீஸ்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ப்ராசஸ் என்பார்கள். தாய் ப்ராசஸ் முடிந்துபோய் அநாதையாக நிற்கும் ப்ராசஸ்களையும் வழக்கமாக அதுதான் ஏற்றுக்கொள்கிறது. எண் 1 செத்தால் கெர்னல் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் அந்த இடத்தில் என்ன உட்காரலாம் என்பதில் ஆட்கள் இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்.

நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்தது இனிட். 1983-இல் வந்த யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் முறை அது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. கோப்பின் பெயரிலேயே எஸ் 20, எஸ் 80 என்று வரிசை எண். சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு, ஒன்று முடிந்த பின்தான் அடுத்தது. எளிமையான ஏற்பாடு. எடிட்டரில் திறந்து படித்தால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். இந்த வெளிப்படைத்தன்மையை அதன் ஆதரவாளர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள், நியாயமான பெருமைதான். ஆனால் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு, 80 ஏன் 20-க்காகக் காத்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. நிஜமான தேவையா, பழைய வழக்கமா? கோப்பு அதைச் சொல்வதில்லை. சர்வீஸ் பின்னணிக்குப் போனபின் இனிட்டும் அதைக் கவனிப்பதில்லை. ப்ராசஸின் எண்ணை ஒரு கோப்பில் குறித்துவைப்பார்கள். ப்ராசஸ் செத்தாலும் கோப்பு கிடக்கும்.

இதை மாற்ற உபுண்டு 2006-இல் அப்ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தது. 'இது நடந்தால் அதைத் தொடங்கு' என்று நிகழ்வுகளை வைத்து ஓடும் முறை அது. 2010-இல் லென்னார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டி என்ற வேறொரு திட்டத்தை முன்வைத்தார்கள். 2011-இல் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் தொகுப்பின் 15-ஆம் பதிப்பு அதை ஏற்றது.

சிஸ்டம்டியில் ஸ்கிரிப்ட்டுக்குப் பதில் யூனிட் கோப்பு. அதில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக எழுத வேண்டும். 'ஆஃப்டர்' என்பது வரிசை. 'ரெக்வயர்ஸ்', 'வான்ட்ஸ்' என்பவை தேவை. 'ரெக்வயர்ஸ்' மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். 'ஆஃப்டர்' மட்டும் எழுதினால், மற்றது இல்லாவிட்டாலும் இது கிளம்பிவிடும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஆனால் இப்படிப் பிரித்ததால்தான் சம்பந்தமில்லாத சர்வீஸ்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் ஒரே நேரத்தில் எழ முடிகிறது.

இதற்கும் ஒரு படி மேலே போவது சாக்கெட் ஏற்பாடு. சாக்கெட் என்பது ஒரு நிரல் மற்றவர்களின் கோரிக்கைகளை வாங்கும் வாசல். வடகரப்பதி பக்கம் தண்ணீர் லாரி வருவதற்கு முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதைப் போன்றது அது. ஒரு சர்வீஸ் எழுவதற்கு முன்பே, அது கேட்க வேண்டிய சாக்கெட்டை சிஸ்டம்டி திறந்துவைத்துவிடும். வருகிற கோரிக்கைகளைக் கெர்னல் வரிசையில் நிறுத்திவைக்கும். சர்வீஸ் எழுந்ததும் அந்த வரிசையை அப்படியே கையில் வாங்கிக்கொள்ளும். கோரிக்கை அனுப்பியவருக்குக் கொஞ்சம் தாமதம் தெரியும், அவ்வளவுதான்.

சர்வீஸ்களைக் கண்காணிக்க சிஸ்டம்டி, ப்ராசஸ்களைக் குழுவாக வைக்கும் கெர்னலின் சிகுரூப் வசதியைப் பயன்படுத்துகிறது. ஒரு சர்வீஸ் எத்தனை பிள்ளை ப்ராசஸ்களைப் பெற்றாலும் எல்லாம் ஒரே குழுவுக்குள் இருக்கும். நிறுத்தச் சொன்னால் குழு முழுதும் நிற்கும்.

சரி, நம் லேப்புக்கு வருவோம். 'நெட்வொர்க் வந்தபின் ஃபோல்டரை இணை' என்று எழுதினால் போதாதா? போதாது. நெட்வொர்க் வந்தது என்றால் இந்தக் கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைத்தது என்று மட்டுமே அர்த்தம். அடுத்த அறையில் இருக்கும் சர்வர் எழுந்ததா என்பது எந்தத் தொடக்க நிரலுக்கும் தெரியாது. இணைக்கும் முயற்சிக்கும் கெடு உண்டு. பொதுவாக 90 விநாடி முடிந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். இங்கே பொருந்துவது ஆட்டோமவுண்ட். யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போதுதான் இணைக்கும். இணையும்வரை தொட்டவர் காத்திருப்பார். முடியாவிட்டால் பிழை காட்டும். காலி ஃபோல்டரைக் காட்டி ஏமாற்றாது. ஒரு நிமிஷம் சும்மா நிற்பதைவிட இது எவ்வளவோ நேர்மையான தீர்வு என்பது என் எண்ணம்.

இவ்வளவு நல்லதென்றால் சண்டை ஏன்? எண் 1-ஐ ஒட்டி நிகழ்வுப் பதிவு (லாக்), லாகின், நேரம், நெட்வொர்க் என்று ஒரே திட்டத்துக்குள் பல வேலைகள் சேர்ந்துகொண்டே போனது பலருக்குப் பிடிக்கவில்லை. உபுண்டுவுக்கே அடிப்படையான டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் தொழில்நுட்பக் குழுவில் 8 பேர். 2014 பிப்ரவரியில் சிஸ்டம்டியும் அப்ஸ்டார்ட்டும் சமநிலையில் நின்றன. தலைவர் பிடேல் கார்பியின் முடிவு வாக்குதான் சிஸ்டம்டியைத் தேர்ந்தெடுத்தது. சில நாளில் உபுண்டுவும் தன் அப்ஸ்டார்ட்டைக் கைவிட்டு அதே வழிக்கு வருவதாக அறிவித்தது. உடன்படாத சிலர் அந்த வருடக் கடைசியில் டெவுவான் என்று தனியாகப் பிரிந்து போனார்கள். கேரளப் பள்ளி லேப்களும் உபுண்டு 14.04 அடிப்படையிலான பதிப்பிலிருந்து 18.04-க்குப் போனபோது அப்ஸ்டார்ட்டிலிருந்து சிஸ்டம்டிக்கு வந்து சேர்ந்தன.

என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான விவாதம் 2016-இல் நடந்தது. சிஸ்டம்டியின் 230-ஆம் பதிப்பு, ஒருவர் லாக் அவுட் செய்ததும் அவருடைய மிச்ச ப்ராசஸ்களையெல்லாம் கொல்வதை இயல்புநிலை ஆக்கியது. பள்ளி லேப்புக்கு இது வரம்: முந்தின வகுப்புப் பிள்ளை விட்டுப்போன நிரல் அடுத்த பிள்ளையின் கம்ப்யூட்டரை இழுக்காது. ஆனால் இரவில் கணக்கீட்டை ஓடவிட்டு வீட்டுக்குப் போகும் ஆராய்ச்சியாளருக்கு? டிமக்ஸ், ஸ்கிரீன் போன்ற கருவிகள் இருப்பதே அந்தப் பழக்கத்துக்காகத்தான். அவர் எதையும் மாற்றவில்லை. அப்டேட் வந்தது, வேலை செத்தது. எதிர்ப்புக்குப் பின் டெபியன் தன் பதிப்பில் பழைய நிலைக்கே திருப்பியது. அதுதான் சரி. வசதி இருக்கட்டும், வேண்டுபவர் ஆன் செய்துகொள்ளட்டும். இயல்புநிலையை மாற்றினால், விவாதத்தில் கலந்துகொள்ளவே முடியாதவர்கள் தலையில்தான் செலவு விழுகிறது.

அப்படி ஆன் செய்துகொள்வதற்கு ஒரு இடமும் உண்டு. டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) தரும் யூனிட் கோப்புகள் 'லிப்' அடைவின் கீழ் இருக்கும்; நம் மாற்றங்கள் 'இடிசி' அடைவின் கீழ். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளை மூலக் கோப்பைத் தொடாமல், மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் தனித் துண்டாக அங்கே வைக்கும். அப்டேட் வந்தாலும் அது அழியாது. முந்தைய பொறுப்பாசிரியர் எதையெல்லாம் மாற்றிவிட்டுப் போனார் என்று பார்க்க வேண்டுமானால் 'சிஸ்டம்டி டெல்டா' கட்டளையை ஓடவிடுங்கள். மூலத்திலிருந்து விலகிய கோப்புகளையும் வரிகளையும் அது பட்டியலாகக் காட்டும்.