ரயில் ஜன்னல் களவாடும் வெப்பம்

குளிர்காலத்து நெடும்பயணத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் மனம் துள்ளும். நள்ளிரவு தாண்டியதும் அந்தத் துள்ளல் அடங்கிவிடும். ஜன்னலை இறுக மூடியிருப்போம், காற்று நுழைய இடுக்கு இருக்காது, பெட்டிக்குள் வெப்பமூட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். இருந்தும் ஜன்னல் பக்கத்துக் கன்னமும் தோளும் மட்டும் சில்லிட்டுக் கிடக்கும். கண்ணாடி வழியாகக் குளிர் உள்ளே வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது நேர்மாறானது: நம் வெப்பம் கண்ணாடியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். ஒரு பெட்டியில் 70 பேர் இருந்தால் 7,000 வாட்; நடுத்தர அறை வெப்பமூட்டிகள் ஏழு சேர்ந்து எரிவது போல. ஆளில்லாத பெட்டியைவிட நிரம்பிய பெட்டி கதகதப்பாக இருப்பதில் இதற்கும் பங்குண்டு. நெரிசலைத் திட்டும்போது இந்த உபகாரம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இந்த வெப்பத்தின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகக் கிளம்புகிறது. எதிரே இருக்கும் பொருள்களும் நம்மை நோக்கி அப்படியே கதிர்வீசுகின்றன. சூடான பொருள் கூடுதலாக, குளிர்ந்த பொருள் குறைவாக. தோலின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ், கண்ணாடியின் உட்புறம் 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் இடையே, கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்திருக்கும் வெறும் தோலின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 150 வாட்டுக்கு மேல் நஷ்டம். இடையிலுள்ள காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலை அது தடுக்காது. ஜன்னலுக்குத் திரை போடுவது அழகுக்கான ஏற்பாடு என்றே பலர் எண்ணுகிறார்கள். திரைத்துணி பெட்டிக் காற்றின் வெப்பநிலையை ஓரளவு ஏற்றுக்கொள்வதால், நமக்கு எதிரே இருக்கும் பரப்பு அத்தனை குளிராக இராது. என்னைக் கேட்டால், இன்னொரு சட்டை அணிவதற்கு முன் திரையை இழுத்துவிட வேண்டும்.

கண்ணாடி இன்னொரு வேலையும் செய்கிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, அடர்த்தி கூடி, கீழே இறங்கித் தரையில் பரவுகிறது. ஜன்னல் மூடியிருக்கும்போதே கணுக்காலில் ஏதோ காற்றடிப்பது போலத் தோன்றுவது இதனால்தான். சூடான காற்று மேலே சேர்வதால் மேல் படுக்கைக்காரர் போர்வையை உதைத்துத் தள்ளும் நேரத்தில் கீழ்ப் படுக்கைக்காரர் முழங்காலை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பார்.

பாதம்தான் முதலில் விறைக்கிறது. உடலின் உட்பகுதியை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்பது மூளையின் கறாரான விதி. அதற்காகக் கை கால்களின் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களை அது சுருக்கிவிடுகிறது. தூங்கும் நேரத்தில் உடலுக்குத் தேவைப்படுவதோ இதற்கு எதிரானது. கை கால்களின் ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்வெப்பம் சற்று வடிந்தால்தான் உறக்கம் எளிதில் வரும். பாதம் சில்லிட்டவருக்குத் தூக்கம் பிடிக்காததன் காரணம் இது. தளர்வான கம்பளிக் காலுறை உதவும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் ரத்தமும் ஓடாது, காற்றும் தங்காது.

காற்று தங்குவதுதான் முக்கியம். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்துகிறது. கம்பளி செய்வதெல்லாம் காற்றைச் சுருள் இழைகளுக்குள் பிடித்து வைப்பதுதான். ஈரமான காலுறை அணியாததைவிட மோசம் என்பதும், தடித்த ஓர் உடுப்பைவிட மெல்லிய இரண்டு மூன்று உடுப்புகள் நல்லது என்பதும் இதிலிருந்தே வருகின்றன. ரயிலைப் பிடிக்க மூட்டையோடு ஓடி வியர்த்திருந்தால் உள்ளாடையை மாற்றிவிடுங்கள். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மதுவால் வரும் கதகதப்போ வெறும் ஏமாற்று. சுருங்கிய குழாய்களை அது விரித்துவிட, தோல் சூடாகிறது, உள்வெப்பம் கசிந்து போகிறது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் விடியலுக்கு முன் ஒருமுறை விழிப்பு வரும். இரவில் உறங்குபவர்களுக்கு உடல் வெப்பநிலை மிகவும் தாழ்வது பெரும்பாலும் 4, 5 மணி வாக்கில்; வெளியிலும் இரவெல்லாம் ஆறிய நிலம் அப்போதுதான் குளிரின் அடிமட்டத்தை நெருங்குகிறது. கூடுதல் போர்வையை மூட்டையில் வைத்துப் பூட்டாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் அந்த வேளையில் தடுமாற வேண்டாம்.

தொண்டை வறண்டிருக்கும். 0 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 5 கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. அதை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நம் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே வந்திருப்போம். அது எங்கே போனது என்று பார்க்க வேண்டுமானால், திரையை விலக்கிக் கண்ணாடியின் உட்புறத்தில் வழியும் நீர்த்துளிகளை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.