சொல் விளக்கம்: சமூகக் கழிவு வீதம்

நூறு ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் நன்மைக்கு இன்று எவ்வளவு மதிப்புப் போடுவது? கடலரண், ரயில் பாதை போன்றவற்றைக் கட்டலாமா என்று அரசாங்கம் கணக்குப் பார்க்கும்போது இதற்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று வரும் அந்த எண்தான் சோஷியல் டிஸ்கவுண்ட் ரேட்.

‘டிஸ்கவுண்ட்’ லத்தீன் வேரிலிருந்து வந்த வணிகர் சொல். கழித்து எண்ணுதல் என்பது பொருள். தவணைக்கு முன்பே உண்டியலை, அதாவது குறித்த நாளில் பணம் தருவதாக எழுதிய வணிகச் சீட்டைப் பணமாக்கினால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்; அந்தப் பிடித்தத்துக்கு இந்தப் பெயர். ஒரு காலத்தில் நம் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகள் என்னும் வட்டிக்கடைகளில் தொழில் செய்த செட்டியார்களுக்கு உண்டியலும் வட்டியும் அன்றாடப் புழக்கம்.

தமிழில் ‘சமூகத் தள்ளுபடி விகிதம்’ என்று எழுதுகிறார்கள். தேக்கா கடைகளின் தீபாவளி விற்பனைக்குத் தள்ளுபடி பொருந்தும். ஆனால் கடன் தள்ளுபடி என்றால் கடனே போய்விடுகிறது. இங்கே எதுவும் தள்ளப்படுவதில்லை, தொலைவுக்குத் தக்கபடி குறைத்து எண்ணப்படுகிறது. அதனால் ‘சமூகக் கழிவு வீதம்’தான் சரி என்பேன். கழிவுநீர் நினைவுக்கு வருமே என்றால், ‘வீதம்’ பக்கத்தில் நிற்கும்போது குழப்பம் வராது.

இந்த எண் செய்யும் வேலையைப் பாருங்கள். நூறு ஆண்டு கழித்து வரக்கூடிய ஒரு மில்லியன் வெள்ளி வெள்ளச் சேதத்தைத் தடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1.4 விழுக்காட்டில் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 249,000 வெள்ளி. 3.5 விழுக்காட்டில் 32,000. 7 விழுக்காட்டில் வெறும் 1,150! அதே கடல், அதே வெள்ளம்.

எதற்காகக் கழிக்கிறோம்? இரண்டு காரணம் சொல்வார்கள். வருங்காலத்தவர் நம்மைவிட வசதியாக இருப்பார்கள், ஆகவே ஒரு வெள்ளியின் அருமை அவர்களுக்குக் குறைவு என்பது ஒன்று. இது நியாயமாகவே படுகிறது. மற்றது, பின்னால் வருவது என்பதாலேயே குறைத்து மதிப்பது. இது அறத்துக்கு ஒவ்வாது என்று பொருளியலாளர் ஃபிராங்க் ராம்சே 1928லேயே எழுதிவிட்டார். நானும் அவர் பக்கம்தான். இன்னும் பிறக்காத குழந்தை கணக்கு மேசைக்கு வந்து வாதாட முடியாது. 2006இல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காகப் பருவநிலை அறிக்கை தயாரித்த நிக்கலஸ் ஸ்டெர்ன் இந்த இரண்டாவது பங்கை 0.1 விழுக்காடாகச் சுருக்கினார். முதல் காரணத்துக்கான பங்கையும் கூட்டினால் மொத்த வீதம் 1.4 விழுக்காடு வந்தது. அது மிகக் குறைவு என்று அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நோர்ட்ஹாஸ் மறுத்தார். பிரிட்டிஷ் நிதியமைச்சின் வழிகாட்டியோ 3.5இல் தொடங்கி, 30 ஆண்டுகளுக்குப் பிறகு படிப்படியாக இறங்குகிறது.

சிங்கப்பூருக்கு இது தூரத்து விவாதம் இல்லை. கடலோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். செலவு முன்னால், பலன் பேரப்பிள்ளைகள் காலத்தில். இப்படிப்பட்ட திட்டத்தில் வீதம் அரை விழுக்காடு ஏறினாலும் முடிவே மாறக்கூடும்.

அப்புறம், இதைக் கடன் வட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2022இல் சிங்கப்பூர் அரசாங்கம் 50 ஆண்டுப் பசுமைப் பத்திரங்கள் (சுற்றுச்சூழல் திட்டங்களுக்குக் கடன் வாங்கும் பத்திரங்கள்) வெளியிட்டு 2.4 பில்லியன் வெள்ளி திரட்டியது. அதன் வருவாய் வீதம் 3.04 விழுக்காடு. அது சந்தையில் அமைந்த விலை, விலைவாசி உயர்வையும் சேர்த்தது. சமூகக் கழிவு வீதத்தில் விலைவாசி சேராது. அதைச் சந்தை முடிவு செய்வதுமில்லை, ஒரு சமூகம் யோசித்து வைத்துக்கொள்வது.