அரை நிமிடத்துக்கு ஒரு பிங் மட்டும் ஏன் இழுக்கிறது?

பர்கூரில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "லேபில் மினிநெட் போட்டு, பாக்ஸ் கன்ட்ரோலரில் எல்2 லேர்னிங்கை ஓடவிட்டு, ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு விடாமல் பிங் அடித்தோம். முதல் பிங் பல மில்லிநொடி எடுத்தது. அடுத்தவை எல்லாம் 0.1 மில்லிநொடிக்கும் கீழே. ஆனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பிங் மட்டும் மறுபடி இழுக்கிறது. ஏன் சார்?"

அருமையான கேள்வி. பிங் என்பது ஒரு கணினி (ஹோஸ்ட்) இன்னொன்றிடம் "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. மினிநெட் ஒரு கணினிக்குள்ளேயே ஸ்விட்ச், ஹோஸ்ட் எல்லாவற்றையும் மென்பொருளாக உருவாக்கித் தரும். பாக்ஸ் (POX) அந்த ஸ்விட்ச்சுக்கு உத்தரவிடும் மென்பொருள்; எந்த ஹோஸ்ட் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும் அதன் நிரல்தான் எல்2 லேர்னிங். எஸ்டிஎன், அதாவது மென்பொருளால் கட்டுப்படுத்தும் நெட்வொர்க், எப்படி வேலை செய்கிறது என்பது மொத்தமும் அந்த ஒரு பிங்கில் தெரிந்துவிடும்.

சாதாரண ஸ்விட்ச், பாக்கெட் (தரவுத் துண்டு) எங்கே போக வேண்டும் என்று தானே முடிவெடுத்து தானே அனுப்பும். எஸ்டிஎன்னில் இந்த இரண்டும் தனித்தனி. கேஆர்பி அணைக் கால்வாயில் மதகைத் தூக்கி இறக்குவது லஸ்கர். எப்போது, எவ்வளவு என்பது பொறியாளர் உத்தரவு. இங்கே ஸ்விட்ச்தான் லஸ்கர், கன்ட்ரோலர்தான் பொறியாளர். இருவரும் பேசிக்கொள்ள 2008இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓப்பன்ஃப்ளோ என்ற பொது மொழி வந்தது. நாக்ஸ், அதன் பைத்தான் தம்பி பாக்ஸ், ரியூ, ஃப்ளட்லைட், 2013இல் ஓப்பன்டேலைட், 2014 இறுதியில் ஓனோஸ் என்று கன்ட்ரோலர்கள் வரிசையாக வந்தன. எல்லாமே ஓப்பன் சோர்ஸ்.

சரி, பிங்குக்கு வருவோம். தொடங்கும்போது ஸ்விட்ச்சின் ஃப்ளோ டேபிள் (எந்தப் பாக்கெட்டை எங்கே அனுப்புவது என்ற விதிப் பட்டியல்) காலி. முதல் ஹோஸ்ட் "இந்த ஐபி யாருடையது?" என்று ஏஆர்பி கேள்வியை அனுப்புகிறது. ஸ்விட்ச்சுக்கு ஒன்றும் தெரியாது; பாக்கெட்-இன் செய்தியாகக் கன்ட்ரோலரிடம் தள்ளிவிடுகிறது. கன்ட்ரோலர் "இந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 1ஆம் போர்ட்டில் (கேபிள் செருகும் இடத்தில்) இருக்கிறது" என்று குறித்துக்கொண்டு, மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பச் சொல்கிறது. ஏஆர்பி பதில் வரும்போது மறுபடி பாக்கெட்-இன். இப்போது இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் பிங் கிளம்புகிறது: அதற்கொரு பாக்கெட்-இன், அதன் பதிலுக்கு இன்னொன்று. ஆக, முதல் பிங் முடிவதற்குள் நான்கு முறை கன்ட்ரோலர் வாசலுக்குப் போய் வந்தாகிவிட்டது. அந்த மில்லிநொடிகள் அங்கேதான் போகின்றன.

கடைசி இரண்டு முறையும் கன்ட்ரோலர் சும்மா பதில் சொல்லி அனுப்பவில்லை. ஃப்ளோ-மாட் செய்தியில் ஒரு விதியை எழுதி ஸ்விட்ச்சின் டேபிளில் வைத்துவிடுகிறது. "இங்கிருந்து அங்கே போகும் பிங்கா? 2ஆம் போர்ட்." அடுத்த பிங் வரும்போது ஸ்விட்ச் யாரையும் கேட்பதில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அந்த விதிக்கு ஆயுள் உண்டு என்பது. எல்2 லேர்னிங் எழுதும் விதியில் இரண்டு கெடு: 10 நொடி யாரும் பயன்படுத்தாவிட்டால் அழியும், பயன்படுத்தினாலும் 30 நொடியில் அழியும். நொடிக்கொரு பிங் போவதால் முதல் கெடு தள்ளிக்கொண்டே போகிறது. இரண்டாவது தள்ளிப்போகாது. 30 ஆனதும் விதி போய்விடும், அடுத்த பிங் கன்ட்ரோலரைத் தேடிப் போகும். மாணவி பார்த்தது அதைத்தான். அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்தது. நிஜ ஸ்விட்ச்சில் இந்த விதிகள் தங்கும் டிகேம் நினைவகம் விலை அதிகம், இடம் குறைவு. பழைய விதியை விட்டுவைத்தால் புதியதற்கு இடமிருக்காது.

இதையெல்லாம் ஒரு லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம். அதனால்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி கல்லூரிகள் விலை உயர்ந்த ஸ்விட்ச் வாங்க நிதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்கிறேன். வருகிற நிதியை, இந்தக் கன்ட்ரோலர்களின் நிரலில் மாணவர்கள் கை வைத்துத் திருத்தப் பழகச் செலவழிக்கலாம். டெண்டர் விட்டு வாங்கிய பெட்டி பீரோவில் பூட்டிக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மாணவிக்கு ஒரு வேலை. பிங் ஓடும்போதே, ஃப்ளோ டேபிளில் இருப்பதைக் காட்டும் டம்ப்-ஃப்ளோஸ் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள்; விதியின் வயது 30ஐ நெருங்கி, வரியே காணாமல் போய், புதிய வரி முளைப்பது தெரியும். அப்புறம் நிரலில் அந்த 30ஐ 0 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். ஓப்பன்ஃப்ளோவில் 0 என்றால் கெடுவே இல்லை. இடையில் இழுக்கும் பிங் நின்றுவிடும். கூடவே 10ஐயும் 0 ஆக்கிவிட்டு, இரண்டாவது ஹோஸ்டை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.