உசத்தி பெட்ரோலும் உடைந்த பிஸ்டனும்

என் ஒர்க்‌ஷாப் மேஜை மேல் ஒரு கார் என்ஜினின் பிஸ்டன் கிடக்கிறது. பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருப்பதாகத்தான் வருகிறவர்கள் நினைப்பார்கள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அதைச் சுற்றி மாட்டும் ரிங்குகளில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள வரம்பில் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சில்லு பெயர்ந்திருப்பது தெரியும். உருகின தடம் கிடையாது. உளி வைத்துத் தட்டினது போல உடைந்திருக்கும்.

அந்தப் பிஸ்டன் இருந்த வண்டியின் சொந்தக்காரர் கார் மேல் உயிரையே வைத்திருப்பவர். சர்வீஸ் தேதியைத் தவறவிட்டதே இல்லை. "அண்ணே, இருக்கிறதிலேயே உசத்தி பெட்ரோல்தான் போடுவேன். ஆர்.பி.எம் முள்ளை ரெண்டாயிரம் தாண்டவே விடமாட்டேன். அப்புறம் எப்படி?" என்று கேட்டார். எப்படி என்பது அவர் சொன்னதிலேயே இருந்தது.

முதலில் பெட்ரோல். ஆக்டேன் எண்ணைப் பலரும் சத்து டானிக்கின் அளவு போல நினைக்கிறார்கள். உண்மையில் அது பெட்ரோலின் பொறுமைக்குக் கொடுக்கும் மதிப்பெண். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியைப் பிஸ்டன் அழுத்த அழுத்தச் சூடேறும். பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்குள் ஓரத்தில் மிச்சம் இருக்கும் ஆவி தானாகவே வெடித்தால், அதுதான் நாக்கிங். அப்படி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான், ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். 91 ஆனாலும் 98 ஆனாலும் ஒரு லிட்டருக்குள் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றேதான்.

இதை நம்பாதவர்களுக்கு எத்தனாலைக் காட்டுவேன். அதன் ஆக்டேன் எண் 108 பக்கம் வரும். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன் ஏறினால் மைலேஜ் ஏறும் என்பது நிஜமானால், எத்தனால் கலந்த பெட்ரோலில் வண்டி இன்னும் கூடுதலாக அல்லவா ஓட வேண்டும்? குறைவாகத்தான் ஓடுகிறது.

உங்கள் வண்டிக்கு என்ன எண் என்பது பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ மேனுவலிலோ இருக்கும். 'கட்டாயம்' என்று இருந்தால் அதைப் போட்டே ஆக வேண்டும். 'பரிந்துரை' என்று மட்டும் இருந்தால், ஒரு படி குறைந்ததைப் போட்டாலும் நாக் சென்சார் சமாளிக்கும். என்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் நிற்கும் சின்ன வட்டு அது. உள்ளே இருக்கும் பீசோ கிரிஸ்டல் அதிர்வைக் கேட்டுச் சொல்ல, கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். பிக்கப் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். (அந்தப் போல்ட்டைக் கம்பெனி சொன்ன டார்க்கில், அதாவது சொன்ன முறுக்கு அளவில், இறுக்காவிட்டால் சென்சாருக்குக் காது சரியாகக் கேட்காது. இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.) 91 போதும் என்று எழுதிய வண்டிக்கு 98 ஊற்றுவது வீண்.

சரி, உசத்தி பெட்ரோலில் சுத்தம் செய்யும் மருந்து கூடுதலாக இருக்குமே என்பார்கள். சில சமயம் இருக்கும். ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது, இன்டேக் வால்வின் முதுகில் படுவதே இல்லை. மருந்து இன்ஜெக்டரைக் கழுவுமே தவிர, வால்வில் படியும் கரியைத் தொடாது. அந்தக் கரியை நாங்கள் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் எடுக்கிறோம்.

இப்போது அந்தப் பிஸ்டனுக்கு வருவோம். புகை விதிகளும் மைலேஜ் சோதனைகளும் இறுக இறுக, கம்பெனிகள் என்ஜினைச் சின்னதாக்கி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவை மாட்டின. 1.6 லிட்டர் என்ஜின் இழுத்த வண்டியை இன்று 1 லிட்டர், மூன்று சிலிண்டர் என்ஜின் இழுக்கிறது. நல்ல பொறியியல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பழைய என்ஜினை டாப் கியரில், குறைந்த வேகத்தில் மிதித்தால் உதறும், திணறும், கியரைக் குறை என்று கெஞ்சும். டர்போ என்ஜின் 1,500 ஆர்.பி.எம்மிலேயே, அதாவது நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே, முனகாமல் இழுத்துவிடுகிறது. உள்ளே ஏறும் அழுத்தம் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. போதாததற்கு டேஷ்போர்டில் 'கியரைக் கூட்டு' என்று ஒரு அம்புக்குறி. அது லேசாக மிதித்துப் போகும்போது கேட்க வேண்டிய யோசனை. மேட்டில் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். வெப்ப முள்ளையும் பல வண்டிகளில் எடுத்துவிட்டார்கள். அழகுக்காக டிரைவரிடமிருந்து செய்தியை மறைக்கும் இந்த டிசைன் புத்தி மேல் எனக்குத் தீராத கோபம்.

என்ஜினுக்குக் குறைந்த வேகம், காலுக்கு முழு மிதி. இந்த நிலையில் சிலிண்டர் சுவரில் பட்ட பெட்ரோல் ஆயிலோடு கலந்து ரிங் இடுக்கில் தங்கும். அதிலிருந்து தெறிக்கும் ஒரு துளியோ, பெயர்ந்து வரும் ஒரு கரித் துணுக்கோ, பிளக் பொறி விடும் முன்பே ஆவியைப் பற்றவைத்துவிடலாம். மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் தலையில் சம்மட்டி விழுந்தது போல ஆகும். நாக் சென்சாராலும் தடுக்க முடியாது. பொறியைத் தள்ளிப்போடலாம், பொறிக்கு முன்னாலேயே பற்றியதை என்ன செய்ய? இதற்குக் குறைந்த வேக முன்பற்றல் என்று பேர். ஒரே அடியில் ரிங் வரம்பு உடைந்த வண்டிகளும் உண்டு.

இதில் பெட்ரோலை விட ஆயிலுக்குத்தான் பங்கு அதிகம். ஆயிலில் சுத்திகரிப்புக்காகச் சேர்க்கும் கால்சியம் கூடினால் இந்த முன்பற்றல் கூடுகிறது என்று தெரிந்ததும், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐயிடமிருந்து 2018ல் எஸ்.என் பிளஸ், 2020ல் எஸ்.பி என்று புது ஆயில் தரங்கள் வந்தன. டர்போ நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள், மேனுவல் சொல்லும் கெட்டித்தன்மையில், டப்பாவில் எஸ்.பி அல்லது அதற்கு அடுத்து வந்த தரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அலமாரியில் மிச்சம் இருந்த பழைய டப்பாவை ஊற்ற வேண்டாம்.

ஓட்டும் விதத்தில் மாற்ற வேண்டியது ஒன்றுதான். முள் 2,000க்குக் கீழே இருக்கும்போது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்காதீர்கள். முதலில் கியரைக் குறையுங்கள், அப்புறம் மிதியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். பிளக் மாற்றும்போது பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போலக் கரும்புள்ளியோ, அலுமினியப் பொடி மினுக்கமோ தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அவர் வண்டிக்குப் புதுப் பிஸ்டன் போட்டு, இருவருமாக ஓட்டிப் பார்க்கப் போனோம். ஏற்றம் வந்தது. கால் பழக்கத்தில் அழுத்தப் போனவர், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மூன்றாவதுக்கு இறக்கினார். முள் 2,800க்கு ஏறியது.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கே அண்ணே."

"இருக்கட்டும்" என்றேன்.